நிறுத்தாதீர்கள், நிற்கச் சொல்லுங்கள்

வேறு ஆர்டிஓஎஸ்களில் கை பழகிவிட்டு லினக்ஸுக்கு வருகிறவர்கள் சீக்கிரமே ஒரு கேள்வியில் வந்து முட்டிக்கொள்வார்கள். விஎக்ஸ்வொர்க்ஸில் டாஸ்க்-சஸ்பெண்ட் உண்டு. ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸில் வி-டாஸ்க்-சஸ்பெண்ட் உண்டு. விண்டோஸில்கூட சஸ்பெண்ட்-த்ரெட் என்று ஒன்று இருக்கிறது. லினக்ஸில் மட்டும் எங்கே போயிற்று? மேனுவல் பக்கங்களைப் புரட்டுவார்கள், ஹெடர் ஃபைல்களைத் துழாவுவார்கள், கிடைக்காது. போசிக்ஸில் அப்படி ஓர் அழைப்பே கிடையாது. த்ரெட்டை உருவாக்கலாம், அது முடியும்வரை காத்திருக்கலாம், ரத்து செய்யும்படி கேட்கலாம். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் இன்னொரு த்ரெட்டை இருந்த இடத்திலேயே உறையவைத்து, பிறகு விட்ட இடத்திலிருந்து ஓடவிட வழியில்லை.

இதைப் பார்த்துவிட்டு, லினக்ஸ் இன்னும் முழுமையான ரியல்டைம் ஆகவில்லை என்று முடிவுகட்டுகிறவர்கள் உண்டு. நான் இயந்திரங்களை ஓட்டும் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். இந்த இல்லாமையை ஒரு குறையாக நான் நினைப்பதில்லை. பழைய இயந்திரங்களின் நிரலை லினக்ஸுக்கு மாற்றித் தரும் வேலையில் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்ததே இந்த இல்லாத அழைப்புதான்.

முதலில், ஏன் இல்லை என்பது. ஒரு த்ரெட்டை வெளியிலிருந்து நிறுத்துகிறவருக்கு, அது அந்தக் கணத்தில் எந்த வரியில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று தெரியாது. அது பிரிண்ட்எஃப் உள்ளே இருந்தால் எஸ்டிடிஅவுட்டின் லாக் அதன் கையில் இருக்கும். மால்லாக் உள்ளே இருந்தால் நினைவகத்தின் லாக் இருக்கும். அப்போது பார்த்து அதை உறையவைத்தால் லாக்கும் சேர்ந்து உறைந்துவிடும். திருவல்லிக்கேணி மேன்ஷனில் பொதுக் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டவருக்கு ஜன்னல் வழியாக மயக்க ஊசி போட்டது மாதிரி. அவர் நின்றுவிட்டார், சரி. வெளியே துண்டும் வாளியுமாக வரிசையில் இருப்பவர்களும் அல்லவா நின்றுவிட்டார்கள்? அவரை எழுப்ப வேண்டிய ஆள் அதே வரிசையில் நிற்கிறார் என்றால் கதை முடிந்தது.

இதில் கொடுமை, இது தினமும் நடக்காது. ஜிலிப்சியின் மால்லாக் நினைவகத்தைப் பல அரீனாக்களாகப் பிரித்து வைத்திருப்பதால், ஓர் அரீனாவின் லாக் மாட்டிக்கொண்டாலும் மற்ற த்ரெட்கள் தத்தம் அரீனாவில் ஓடிக்கொண்டே இருக்கும். யாரோ ஒருவர், மாட்டிக்கொண்ட அரீனாவிலிருந்து வாங்கிய நினைவகத்தைத் திருப்பிக்கொடுக்கப் போகும்போதுதான் பிடிபடும். பரிசோதனை மேசையில் எல்லாம் சுத்தமாக ஓடும். ஆலையில், இரவு ஷிஃப்டில், யாரும் பார்க்காத நேரத்தில் நிற்கும்.

ஜாவாக்காரர்கள் இந்தப் பாடத்தை வெளிப்படையாகவே படித்தார்கள். தொடக்கத்தில் அவர்களிடம் த்ரெட்டை சஸ்பெண்ட் செய்யும் அழைப்பு இருந்தது. 1998இல் வந்த ஜாவா 1.2இல், இதே லாக் பிரச்சினையைக் காரணம் காட்டி, அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டார்கள். விஎக்ஸ்வொர்க்ஸின் கையேடுகூட, சஸ்பெண்ட் நிலை முக்கியமாக டீபக்கிங் வேலைக்கு என்றுதான் சொல்கிறது. அந்த வரியை யாரும் படிப்பதில்லை. அழைப்பு கையில் இருந்தால் அழைத்துவிடுகிறோம்.

லினக்ஸிலும் குறுக்கு வழிகளை முயன்று பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். சிக்-ஸ்டாப் அனுப்பினால் அந்த ஒரு த்ரெட் மட்டும் நிற்காது, பிராசஸ் முழுவதும் நின்றுவிடும். யூசர் சிக்னல் ஒன்றை அந்த த்ரெட்டுக்கு மட்டும் அனுப்பி, அதன் ஹேண்ட்லருக்குள் சிக்-சஸ்பெண்டில் உட்காரவைப்பது இன்னொரு வித்தை. பார்ப்பதற்கு அது சஸ்பெண்ட் போலவே இருக்கும், லாக் பிரச்சினையும் அப்படியே இருக்கும். ஹான்ஸ் போம் எழுதிய சி மொழிக் கார்பேஜ் கலெக்டர் லினக்ஸில் இதே சிக்னல் வித்தையைத்தான் செய்கிறது, நன்றாகவும் ஓடுகிறது. ஆனால் அங்கே நினைவகம் தருவதும் அந்தக் கலெக்டரே. எல்லோரையும் நிறுத்துவதற்கு முன் தன் நினைவக லாக்கைத் தானே எடுத்துக்கொள்கிறது. எந்த லாக் யாரிடம் மாட்டும் என்பது அதற்கு முன்கூட்டியே தெரியும். நமக்குத் தெரியாது.

முன்னுரிமையைக் கீழே இறக்கிவிட்டால் நின்ற மாதிரிதானே என்று கேட்பார்கள் சிலர். ஒரே கோர் இருந்த காலத்தில் அதில் கொஞ்சம் நியாயம் இருந்தது. இப்போது நாலு கோர் உள்ள சின்னப் பலகையில், கீழே இறக்கிய த்ரெட் பக்கத்து கோரில் சாவகாசமாக ஓடிக்கொண்டிருக்கும்.

லாக்கைவிட எனக்குப் பெரிய கவலை வேறு. கோவை பக்கத்தில் நூல் சுற்றும் இயந்திரம் ஒன்றின் கட்டுப்பாட்டை ஒரு பழைய ஆர்டிஓஎஸ்ஸிலிருந்து லினக்ஸுக்குக் கொண்டுவந்தோம். ஸ்பிண்டில் சுழலும், டிராவர்ஸ் எனப்படும் நூல்வழிகாட்டி இடமும் வலமுமாக ஓடும். இரண்டுக்கும் சர்வோ மோட்டார்கள். ஈதர்கேட் வழியாக 1 மில்லி வினாடிக்கு ஒருமுறை டிரைவ்களுக்கு வேகம் சொல்ல வேண்டும். பழைய நிரலில், ஆபரேட்டர் 'பாஸ்' அழுத்தினால் டிராவர்ஸ் டாஸ்க்கை சஸ்பெண்ட் செய்துவிடும் வடிவம்.

அதை அப்படியே லினக்ஸுக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். டிராவர்ஸைக் கணக்கிடும் த்ரெட் நின்றுவிட்டது. ஆனால் பஸ்ஸை ஓட்டும் த்ரெட் வேறு, அது நிற்கவில்லை. தன் கையிலுள்ள டேட்டாவை மில்லி வினாடி தவறாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்த டேட்டாவில் கடைசியாக எழுதப்பட்ட வேகம் இருக்கிறது. டிரைவுக்கு உள்ளே ஒரு வாட்ச்டாக் உண்டு. புது டேட்டா வராமல் போனால், வழக்கமான அமைப்பில் 100 மில்லி வினாடியில் அது விழித்துக்கொண்டு டிரைவை அடக்கும். ஆனால் இங்கே டேட்டாதான் வந்துகொண்டே இருக்கிறதே, பழைய எண்ணைத் தாங்கிக்கொண்டு! வாட்ச்டாக் நிம்மதியாக உட்கார்ந்திருக்கும். வழிகாட்டி கடைசி வேகத்திலேயே போய் ஓரத்தில் இடிக்கும். ஆக, கட்டுப்பாட்டு த்ரெட்டை நிறுத்தினால் இயந்திரம் நிற்கும் என்று நம்ப முடியாது. இயந்திரத்தை நிறுத்தும் அறிவு அந்த த்ரெட்டுக்குள்தான் இருக்கிறது, அதைத்தான் நாம் மயக்கிப் போட்டுவிட்டோம். (ஓடும் மோட்டாரின் த்ரெட்டில் ஜிடிபியால் பிரேக்பாயிண்ட் வைப்பதும் இதே வகை விளையாட்டு. என் லேபில் அதற்குத் தடை.)

அதனால் நான் செய்வது இது. ஒவ்வொரு கட்டுப்பாட்டு த்ரெட்டுக்கும், அதன் ஒரு சுற்று முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில், ஒரு வாசல் வைத்துவிடுவேன். சுற்று தொடங்கும்போது த்ரெட் ஒரு அட்டாமிக் கொடியைப் பார்க்கும்: யாராவது நிற்கச் சொல்லியிருக்கிறார்களா? இல்லையென்றால் வழக்கமான வேலை. சொல்லியிருந்தால் உடனே நின்றுவிடாது. வேகத்தை வரையறுத்த சரிவில் பூஜ்யத்துக்குக் கொண்டுவரும், டிரைவை முடக்கும், தன் கையில் எந்த லாக்கும் இல்லாத நிலைக்கு வரும். பிறகு 'நின்றுவிட்டேன்' என்று பதில் கொடியை ஏற்றிவிட்டு, ஒரு செமஃபோரில் தூங்கும். நிறுத்தச் சொன்னவர் அந்தப் பதில் வரும்வரை, ஒரு கெடுவுக்குள், காத்திருக்க வேண்டும். கெடு தாண்டினால் அது சாதாரண பாஸ் அல்ல, கோளாறு. அதற்கான வழி தனி.

பதில் கொடியைத் தேவையில்லாத சடங்கு என்று நினைத்து விட்டுவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது இல்லாவிட்டால், நிற்கச் சொன்னதற்கும் நின்றதற்கும் இடையே உள்ள அந்தச் சில மில்லி வினாடிகளில் மேல்நிலை நிரல் இயந்திரத்தின் பாதுகாப்புக் கதவைத் திறக்க அனுமதி கொடுத்துவிடும். ஓடிக்கொண்டிருப்பது, நிற்கச் சொல்லப்பட்டது, நின்றது என்று மூன்று நிலைகள் கட்டாயம் வேண்டும். நின்ற த்ரெட் இதயத்துடிப்பு அனுப்பாது என்பதால், மேற்பார்வை பார்க்கும் த்ரெட்டும் இந்த நிலைகளைப் படித்துத்தான் 'தூங்குகிறதா, தொங்குகிறதா' என்று பிரித்தறிய முடியும். அவசர நிறுத்தம் இதில் எதிலும் சேர்த்தி இல்லை. சிவப்புக் காளான் பொத்தானின் கம்பி நேராக டிரைவின் சேஃப் டார்க் ஆஃப் உள்ளீட்டுக்குப் போக வேண்டும். லினக்ஸுக்குத் தகவல் சொன்னால் போதும், அனுமதி கேட்கக் கூடாது.

தூங்கவைக்கச் செமஃபோரை எடுத்ததற்குக் காரணம் உண்டு. பழைய சஸ்பெண்ட்-ரெஸ்யூம் ஜோடியில் ஒரு பந்தயம் ஒளிந்திருக்கும். த்ரெட் தன்னைத் தானே சஸ்பெண்ட் செய்துகொள்ளப் போகும் நொடிக்கு ஒரு நூலிழை முன்னால் ரெஸ்யூம் வந்துவிட்டால், அந்த ரெஸ்யூம் காற்றோடு போய்விடும். த்ரெட் தூங்கிவிடும், எழுப்ப ஆளில்லை. செமஃபோர் எண்ணி வைத்துக்கொள்ளும். முன்னால் வந்தாலும் வீணாகாது. கண்டிஷன் வேரியபிளாலும் செய்யலாம், நிபந்தனையை மியூடெக்ஸுக்குள் வைத்து, விழித்ததும் மறுபடி சரிபார்க்கும் ஒழுக்கம் இருந்தால்.

நின்றது நின்ற பிறகு, மறுபடி ஓடுவதில் ஒரு கண்ணி இருக்கிறது. ரியல்டைம் சுற்றை ஓட்டுகிறவர்கள் 'இப்போதிலிருந்து 1 மில்லி வினாடி தூங்கு' என்று எழுதக் கூடாது என்பது பாலபாடம். வேலைக்கு ஆகும் நேரமும், த்ரெட் விழிக்கும் தாமதமும் ஒவ்வொரு சுற்றிலும் சேர்ந்துகொண்டே போகும். அதற்குப் பதிலாக க்ளாக்-நானோஸ்லீப்பில் மோனோடானிக் கடிகாரத்தை வைத்து, 'இந்த மணிக்கு எழுப்பு' என்று முழு நேரத்தைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் அந்த நேரத்தோடு 1 மில்லி வினாடியைக் கூட்டிக்கொண்டே போனால் நகர்வு சேராது. இப்போது இதோடு வாசலைச் சேர்த்துப் பாருங்கள். பத்து நிமிடம் நின்றிருந்த த்ரெட் எழுகிறது. அதன் கையில் இருக்கும் 'அடுத்த நேரம்' பத்து நிமிடப் பழையது. கெர்னலிடம் போய்க் கேட்டால், அந்த நேரம் எப்போதோ கடந்துவிட்டது என்று தூங்கவைக்காமல் உடனே திருப்பி அனுப்பும். த்ரெட்டும் விட்ட சுற்றுகளை எல்லாம், ஆறு லட்சம் சுற்றுகளை, மூச்சுவிடாமல் ஓடித் தீர்க்கப் பார்க்கும். ஃபைஃபோ முன்னுரிமையில் இருக்கும் த்ரெட் அப்படி ஓடினால் அந்த கோரில் வேறு யாருக்கும் இடமில்லை. அதனால் வாசலைத் தாண்டி உள்ளே வரும் முதல் வேலை, கடிகாரத்தைப் பார்த்து அடுத்த நேரத்தைப் புதிதாகக் கணக்கிடுவது. கன்ட்ரோலரின் இன்டெக்ரேட்டரில் தேங்கியிருக்கும் பழைய பிழையையும் அப்போதே துடைத்துவிட வேண்டும். இல்லையென்றால் மோட்டார் ஒரு குதி குதிக்கும்.

கெர்னலை எழுதுகிறவர்களே தங்கள் சொந்த த்ரெட்களை இப்படித்தான் நடத்துகிறார்கள் என்பதைப் பார்த்தபோது எனக்கு ஒரு திருப்தி. கே-த்ரெட்-பார்க் என்று கெர்னலுக்குள் ஓர் அழைப்பு இருக்கிறது. ஒரு கோரை ஆஃப் செய்யும்போது அந்தக் கோருக்கென்று இருக்கும் கெர்னல் த்ரெட்களை ஒதுக்கி நிறுத்த இது பயன்படுகிறது. அது யாரையும் உறையவைப்பதில்லை. ஒதுங்கும்படி ஒரு குறி போட்டு, எழுப்பிவிட்டு, அந்த த்ரெட் தானே வந்து ஒதுங்கும்வரை காத்திருக்கிறது. லேப்டாப்பை மூடும்போது கெர்னல் த்ரெட்களை உறங்கவைக்கும் ஃப்ரீசரும் அதே வழிதான். தனக்கு வசதியான இடத்தில் த்ரெட்டே வந்து கேட்டுக்கொண்டு நிற்கிறது.

ஷெட்யூலிங் என்று வந்தால், பெரும்பாலானவர்கள் முதலில் செய்வது தங்கள் த்ரெட்டுக்கு 99 கொடுப்பது. ஃபைஃபோவிலும் ரவுண்ட்-ராபினிலும் முன்னுரிமை 1 முதல் 99 வரை, 99தான் உச்சம். என் த்ரெட்தானே முக்கியம், அதற்கு உச்சம் கொடுத்தால் என்ன? கெர்னலுடைய சில சொந்த வேலைகளும் அந்த உயரத்தில்தான் இருக்கின்றன. அவற்றோடு மல்லுக்கு நிற்பதில் லாபமில்லை. லினக்ஸின் ரியல்டைம் வடிவமான பிரீஎம்ப்ட் ஆர்டி கெர்னலில் இன்டரப்ட்களும் த்ரெட்களாகத்தான் ஓடுகின்றன, இயல்பான முன்னுரிமை 50. உங்கள் கட்டுப்பாட்டு த்ரெட் 80இல் இருக்கிறது, அது நெட்வொர்க் கார்டிலிருந்து வரும் டேட்டாவுக்காகக் காத்திருக்கிறது, அந்தக் கார்டின் இன்டரப்ட் த்ரெட் 50இல் இருக்கிறது, நடுவில் 60இல் பதிவுக் கோப்பு எழுதும் த்ரெட் ஒன்று ஓடுகிறது என்றால், உங்கள் 80 வெறும் அலங்காரம். நான் காகிதத்தில் டேட்டா நடக்கும் பாதையை முதலில் வரைவேன். அந்தப் பாதையில் உள்ள எல்லாரும், இன்டரப்ட் த்ரெட் உட்பட, அதே வரிசைக்கு உயர வேண்டும். எண் தருவது அதற்குப் பிறகு.

யாருக்கு அதிகம் என்பதற்குப் பழைய விதி ஒன்று இருக்கிறது. லியூவும் லேலண்டும் 1973இல் எழுதிய கட்டுரையில் சொன்னது: சுற்று எவ்வளவு குறுகியதோ, முன்னுரிமை அவ்வளவு அதிகம். ஒரு கோரில் எத்தனை வேலைகள் இருந்தாலும், மொத்தச் சுமை ஏறக்குறைய 69 சதவீதத்துக்குள் இருந்தால் கெடு தவறாது என்று அவர்கள் நிரூபித்தார்கள். எந்த வேலை 'முக்கியம்' என்பது இதில் வரவே இல்லை. மேலாளர்களுக்கு இதைப் புரியவைப்பது சிரமம். மெதுவாக ஓடும் வெப்பக் கட்டுப்பாடு அவர்களுக்கு முக்கியம், அதனால் அதற்கு அதிகம் கொடு என்பார்கள்.

ஃபைஃபோ த்ரெட்டில் ஸ்கெட்-யீல்ட் போட்டால் மற்றவர்களுக்கு வழிவிடும் என்று நம்புவதும் பரவலான நம்பிக்கை. அது அதே முன்னுரிமை வரிசையின் கடைசிக்குத்தான் போகும். அந்த வரிசையில் வேறு யாரும் இல்லையென்றால் அடுத்த கணமே திரும்பவும் அதுவேதான். கீழே இருப்பவர்களுக்கு ஒரு துளி நேரமும் போகாது. வழிவிட வேண்டுமென்றால் உண்மையாகவே தூங்க வேண்டும். இப்படி ஓயாமல் ஓடும் த்ரெட் முழு மெஷினையும் விழுங்கிவிடாமலிருக்க கெர்னல் ஒரு கடிவாளம் வைத்திருந்தது: ஒரு வினாடியில் ரியல்டைம் த்ரெட்கள் 0.95 வினாடிக்கு மேல் எடுத்தால், மீதி 50 மில்லி வினாடிக்கு அவை நிறுத்திவைக்கப்படும். 1 மில்லி வினாடிச் சுற்றுக்கு அது ஐம்பது சுற்றுகள்! அதனால் அந்தக் கடிவாளத்தைக் கழற்றிவிடச் சொல்லும் அறிவுரை எங்கும் கிடைக்கும். கடிவாளம் இழுபடும் நிலைக்கு வந்துவிட்ட அமைப்பில் சிக்கல் வேறெங்கோ இருக்கிறது என்பது என் கட்சி. 6.12 கெர்னலிலிருந்து இந்த ஏற்பாடு மாறியிருக்கிறது. சாதாரண த்ரெட்களுக்கு என்று ஒரு டெட்லைன் சர்வர் வைத்து, அவை பட்டினி கிடந்தால் மட்டும் அவற்றின் பங்கைக் கொடுக்கிறது. அதில் பெரும்பங்கு உழைத்த டேனியல் பிரிஸ்டோ டி ஒலிவேரா, அது வெளிவருவதற்குச் சில மாதங்கள் முன்பு, 2024 ஜூனில், இளம் வயதிலேயே இறந்துபோனார். தாமதம் எங்கிருந்து வருகிறது என்று தேட நான் இன்று எடுக்கும் டைமர்லாட் கருவியும் அவர் செய்ததுதான்.

டெட்லைன் ஷெட்யூலிங் 2014இல் 3.14 கெர்னலோடு வந்தது. பீசாவில் உள்ள சாண்ட்'அன்னா ஆய்வுப்பள்ளியில் விளைந்த வேலை. முன்னுரிமை எண்ணே கிடையாது. எனக்கு ஒவ்வொரு 1 மில்லி வினாடியிலும் 200 மைக்ரோ வினாடி ஓட வேண்டும் என்று சொன்னால், கெர்னல் கணக்குப் போட்டுப் பார்த்து, கொடுக்க முடிந்தால் ஏற்றுக்கொள்ளும். முடியாதென்றால் முகத்துக்கு நேரே மறுத்துவிடும். அந்த மறுப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. ஃபைஃபோ யாரையும் மறுக்காது, எல்லோரையும் ஏற்றிக்கொண்டு பிறகு திணறும். இங்கே ஸ்கெட்-யீல்டுக்கு வேறு பொருள்: இந்தச் சுற்றுக்கு என் வேலை முடிந்தது, அடுத்த சுற்றில் எழுப்பு. இருந்தும் ஆலைக்குப் போகும் நிரலில் நான் இன்னும் ஃபைஃபோவைத்தான் வைக்கிறேன். த்ரெட்டை ஒரே கோரில் கட்டிப்போடுவது அங்கே எளிது. டெட்லைனில் அதற்குத் தனிச் சிபியூ-செட் பிரித்துக் கொடுத்தாக வேண்டும்.

லாக்குக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. 1997 ஜூலை 4 அன்று செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் சில நாட்களில் தானாக ரீசெட் ஆகத் தொடங்கிய கதை இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். தட்பவெப்பத் தகவல் சேர்க்கும் கீழ்நிலை டாஸ்க் ஒரு மியூடெக்ஸைப் பிடித்திருந்தது. அதே மியூடெக்ஸுக்காக மேல்நிலை டாஸ்க் காத்திருந்தது. இடையில் நடுநிலை டாஸ்க்குகள் ஓடியதால் கீழ்நிலை டாஸ்க்கால் வேலையை முடித்து லாக்கை விட முடியவில்லை. கெடு தவறியதைக் கண்ட இன்னொரு டாஸ்க் எல்லாவற்றையும் ரீசெட் செய்தது. பூமியில் இருந்த மாதிரியில் அதையே வரவழைத்துப் பார்த்து, மியூடெக்ஸின் முன்னுரிமை மரபுரிமைக் கொடியை இயக்கும் மாற்றத்தைச் செவ்வாய்க்கு அனுப்பிச் சரிசெய்தார்கள். அந்த மரபுரிமை முறையை 1990இல் ஐஇஇஇ இதழில் முறைப்படுத்தி எழுதிய மூவர் லூயி ஷா, ரகுநாதன் ராஜ்குமார், ஜான் லெஹாஸ்கி. ராஜ்குமார் 1984இல் கோவை பிஎஸ்ஜி தொழில்நுட்பக் கல்லூரியில் பட்டம் பெற்று கார்னகி மெலனுக்குப் போனவர். பீளமேடு வழியாகப் போகும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். கூடவரும் பையன்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

லினக்ஸில் இந்த மரபுரிமை யூசர் நிரல்களுக்கு 2006இல், 2.6.18 கெர்னலில் கிடைத்தது. ஆனால் மியூடெக்ஸை உருவாக்கும்போது நாம் கேட்டால்தான் கிடைக்கும். கேட்காமல் விட்ட நிரல்களை இன்றும் பார்க்கிறேன். கேட்டாலும் அதற்கு ஓர் எல்லை இருக்கிறது. மரபுரிமை என்பது, லாக் வைத்திருப்பவருக்குக் காத்திருப்பவரின் முன்னுரிமையைக் கடன் கொடுத்து, சீக்கிரம் ஓடி முடிக்கச் செய்வது. அவர் ஓடத் தயாராக இருந்தால்தான் அந்தக் கடன் செல்லும். வெளியிலிருந்து உறையவைக்கப்பட்ட த்ரெட்டுக்கு 98 என்ன, 99 கொடுத்தாலும் அது ஓடாது. குளியலறைக்குள் மயங்கிக் கிடப்பவரிடம் வெளியே கலெக்டரே காத்திருக்கிறார் என்று சொல்லிப் பயனில்லை. லாக்கைப் பிடித்துக்கொண்டு தானாகத் தூங்கும் த்ரெட்டுக்கும் இது பொருந்தும். என் வாசலில் 'கையில் லாக் இல்லை' என்பது நிபந்தனையாக இருப்பது இதனால்தான். டீபக் பில்டில் ஒவ்வொரு த்ரெட்டும் தன் லாக்குகளை எண்ணிக்கொள்ளும். வாசலில் எண்ணிக்கை பூஜ்யமில்லை என்றால் நிரல் அங்கேயே அலறிக்கொண்டு விழும்.

இதையெல்லாம் முன்பு பேட்ச் போட்டுத்தான் செய்துவந்தோம். 2004-05 வாக்கில் இங்கோ மோல்னாரும் தாமஸ் க்ளைக்ஸ்னரும் அவர்களோடு சேர்ந்தவர்களும் தொடங்கிய பிரீஎம்ப்ட் ஆர்டி, ஹை-ரெசல்யூஷன் டைமர், மரபுரிமை மியூடெக்ஸ், த்ரெட் ஆன இன்டரப்ட் என்று ஒவ்வொரு துண்டாக மெயின்லைனுக்குள் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் மிச்சமிருந்து இழுத்தடித்தது பிரிண்ட்-கே, அதாவது கெர்னல் தன் செய்தியைத் திரையிலோ சீரியல் போர்ட்டிலோ எழுதும் வேலை. எந்த நிலையிலும் எழுத வேண்டும், எழுதும்போது யாரையும் காக்கவைக்கவும் கூடாது என்பது கேட்பதற்கு எளிது. 2024 செப்டம்பரில் வியன்னாவில் நடந்த மாநாட்டில் க்ளைக்ஸ்னர் கடைசி இணைப்புக் கோரிக்கையைத் தாளில் அச்சிட்டு, தங்க நிறத் தாளில் சுற்றி லினஸ் டோர்வால்ட்ஸ் கையில் கொடுத்தார். அந்த ஆண்டு நவம்பரில் வந்த 6.12இல் எக்ஸ்86, ஆர்ம் 64, ரிஸ்க்-வி மூன்றுக்கும் ஆர்டி ஒரு கான்ஃபிக் தேர்வாகிவிட்டது. ஒவ்வொரு கெர்னலுக்கும் பேட்ச் தேடி, மோதும் இடங்களைக் கையால் தீர்த்த காலம் போயிற்று. அது போனதில் எனக்கு எந்த ஏக்கமும் இல்லை.

கெர்னல் சரியானால் மட்டும் போதாது. எம்லாக்-ஆல் போட்டு நினைவகத்தை ராமில் கட்டிப்போட வேண்டும், ஸ்டாக்கை முன்கூட்டியே தொட்டுவைக்க வேண்டும், இல்லையென்றால் பேஜ் ஃபால்ட் சரியான நேரத்தில் வந்து நிற்கும். கட்டுப்பாட்டு கோரை ஐசோல்-சிபியூஸ் மூலம் தனியே ஒதுக்குவது, மற்ற இன்டரப்ட்களை வேறு கோருக்குத் தள்ளுவது எல்லாம் எங்கும் எழுதிவைத்திருக்கும் சமாசாரம். அதிகம் பேசப்படாதது சி-ஸ்டேட். வேலையில்லாத கோர் மின்சாரத்தைச் சேமிக்க ஆழ்ந்த தூக்கத்துக்குப் போகும். எழுந்து வர அதற்கு நேரமாகும். சிபியூ-டிஎம்ஏ-லேட்டன்சி என்ற டிவைஸ் ஃபைலைத் திறந்து பூஜ்யம் எழுதி, மூடாமலே வைத்திருந்தால் கோர் ஆழத்துக்குப் போகாது. மூடினால் சலுகை போய்விடும். ஷெல்லில் எக்கோ கட்டளையால் எழுதிவிட்டு, வேலை செய்யவில்லையே என்பவர்களுக்கு இதுதான் விடை.

சைக்ளிக்டெஸ்ட் ஓட்டுகிறவர்கள் சராசரியைப் பார்த்து மகிழ்வார்கள். நான் அந்தப் பத்தியைப் பார்ப்பதே இல்லை. ஹேக்பெஞ்ச் போட்டு மெஷினைத் திணறடித்துக்கொண்டு, இரவு முழுவதும் ஓடவிட்டு, காலையில் உச்ச எண்ணை மட்டும் பார்ப்பேன். கூடவே ஒரு ஸ்கிரிப்ட் ஒழுங்கில்லாத இடைவெளிகளில் பாஸ், ரெஸ்யூம் அழுத்திக்கொண்டே இருக்கும். அதில் ஒரு விஷயம் திரும்பத் திரும்பத் தெரிந்தது. நீண்ட நேரம் நின்று எழும் த்ரெட்டின் முதல் ஓரிரண்டு சுற்றுகள்தான் ஆக மோசமானவை. அதன் டேட்டா கேஷிலிருந்து வெளியே போயிருக்கும், கிளைகளை ஊகிக்கும் பகுதிக்கும் அதன் பழக்கம் மறந்திருக்கும். அதனால் வாசலைத் தாண்டி வரும் த்ரெட்டை உடனே டிரைவைத் தொட விடுவதில்லை. சென்சாரைப் படித்து, கணக்குப் போட்டு, விடையைத் தூக்கியெறியும் சில வெற்றுச் சுற்றுகள் முதலில். அவை கெடுவுக்குள் முடிந்தால்தான் டிரைவ் இயங்கும். முடியாவிட்டால் த்ரெட் பழையபடி வாசலில் போய் நின்றுகொண்டு காரணத்தைச் சொல்லும். இந்தச் சில மில்லி வினாடித் தாமதம் ஆபரேட்டர் கைக்குத் தெரியாது. ஆனால் ஏற்பாட்டைக் கேட்ட ஆலைக்காரர் ஒருவர், பொத்தானை அழுத்தியும் மோட்டார் சும்மா இருக்கும் அந்த நேரத்தில் உற்பத்தி போகிறதே என்று கணக்குப் போட்டுப் பார்க்கச் சொன்னார். போட்டுக் காட்டினேன். ஒரு ஷிஃப்டில் எத்தனை முறை பாஸ் செய்தாலும் ஒரு வினாடியைக் கூடத் தொடவில்லை.